கழிப்பறைச் சிரமதானம்

என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது பாடசாலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலையில் நான் நிரப்பிக் கொடுத்த போத்தல் பின்னேரம் அதே பாரத்தோடு திரும்பி வந்தது. கேட்டதற்குத் தாகம் இல்லை என்றாள். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் சில வருடங்கள் செய்தியாளராக இருந்தவள் நான். முதலில் கிடைத்த பதிலோடு திரும்பி வந்தால் எங்கள் ஆசிரியர் திரும்பவும் அனுப்பிவிடுவார். ஆகவே திரும்பவும் கேட்டேன்.

"குடிச்சா போகவேணும் அம்மா. அங்க போக ஏலாது."

அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். சிறுமிகளின் கழிப்பறை முற்றத்துக்கு அப்பால் இருந்தது. ஐந்து அறைகளில் இரண்டைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். மற்றவற்றில் ஒன்றுக்கும் தாழ்ப்பாள் இல்லை. சுவரில் பதித்த டைல்ஸ் பாதி உதிர்ந்து, அந்த இடத்தில் சீமெந்து பச்சையாகப் பூத்திருந்தது. இடைவேளை மணி அடித்ததும் சிறுமிகள் மூன்று மூன்று பேராக வந்தார்கள். ஒருத்தி உள்ளே போக, இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவள் பையன்கள் வருகிறார்களா என்று பார்த்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் அந்த ஒழுங்கை உண்டாக்கியிருந்தார்கள். அதுதான் என்னைக் கோபப்படுத்தியது.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் ரூர் பகுதியில், நிலக்கரிச் சுரங்கம் மூடிய நகரம் ஒன்றில். மகள் படிப்பது அரசுத் தொடக்கப் பாடசாலை. கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்காததால் நான் அங்கே பெற்றோர் பிரதிநிதியாக இருந்தேன். தலைமையாசிரியை இந்த ஊர்க்காரி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். கழிப்பறையைப் பற்றிக் கேட்டேன். "நகராட்சியின் திருத்த வேலைப் பட்டியலில் இருக்கிறோம். பட்டியலில் இருப்பதில் எங்களுக்கு நல்ல அனுபவம்" என்றார்.

அந்த வருடம்தான் இரண்டு பஸ் தரிப்பு தள்ளி, பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில் தனியார் தொடக்கப் பாடசாலை திறந்தார்கள். கழிப்பறைக் கதவுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம் என்று தமிழ்க் கடையில் பேசிக்கொண்டார்கள். அதைப் போய்ப் பார்த்து வந்து சொன்னவர் கடைக்கார அண்ணை. கோயில் நிர்வாக சபையில் இருப்பவர். அவருடைய மூத்த மகளும் என் மகனும் அடுத்த வருடம் முதலாம் வகுப்பு. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடும்பம் ஒரு பல் வைத்தியரிடம் போனால் எல்லோருக்கும் அவர்தான் பல் வைத்தியர். கார் ஓட்டப் பழகுவதும் ஒரே இடத்தில்தான். அண்ணையின் மகள் அங்கே போனால் அந்த வருடம் பாடசாலை தொடங்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்பது பேரும் அங்கேதான் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இங்கே இலையுதிர் காலத்தில், அடுத்த வருடம் பாடசாலைக்குப் போகவேண்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் நகராட்சியிலிருந்து ஒரு பதிவுத் தாள் வரும். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். அதை ஒரு பாடசாலையில்தான் கொடுக்கலாம். தாள் போகும் இடத்துக்குப் பிள்ளை போகிறது. பிள்ளை போகும் இடத்துக்கு, மாநிலத் தலைநகரான டுசல்டோர்ஃபிலிருந்து அரசு தரும் பணம் போகிறது. அரசுப் பாடசாலையாக இருந்தாலும் அங்கீகாரம் பெற்ற தனியார் பாடசாலையாக இருந்தாலும் ஆசிரியர் சம்பளத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. இதை அதுவரை நான் அறிந்திருக்கவில்லை. தனியார் என்றால் தங்கள் பணத்தில் நடத்துகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

தலைமையாசிரியை கணக்கை எனக்கு வாயால் சொன்னார். அந்த ஒன்பது பிள்ளைகளும் வராவிட்டால் அடுத்த வருடம் முதலாம் வகுப்பு இரண்டாக இராது, ஒன்றுதான். ஓர் ஆசிரியர் இடம் குறையும். போகப்போகிறவர், ஜெர்மன் மொழி தடுமாறும் பிள்ளைகளைத் தனியாக இருத்திப் படிப்பிக்கும் இளம் ஆசிரியை. "ஆனால் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து எரிவதில்லை. கூரையும் ஒரு வகுப்பு அளவுக்குச் சுருங்காது. செலவு அப்படியே இருக்கும், பிள்ளைகள் மட்டும் இருக்க மாட்டார்கள். அடுத்த வருடம் நகராட்சி, இவ்வளவு சின்னப் பாடசாலைக்கு இவ்வளவு செலவா என்று கேட்கும்" என்றார்.

முதலாம் வகுப்பு இரண்டாகவே இருக்க வேண்டும் என்று அந்த அறையிலேயே முடிவு செய்தேன். என் கணவர் அதற்கு முன்பே வேறு முடிவு செய்திருந்தார்.

தனியார் பாடசாலையின் தகவல் கூட்டத்துக்கு எல்லோரும் போனோம். பாடசாலை இயக்குநர் நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உண்மையாகவே இளகியது. கடைசியில் பணத்துக்கு வந்தார். கட்டணம் கிடையாது, சட்டமும் அனுமதிக்காது. விரும்பும் பெற்றோர் தங்களால் முடிந்ததை மாதம் தோறும் ஆதரவுச் சங்கத்துக்குக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டாலும் ஒரு வித்தியாசமும் இல்லை. "அதைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை. வீட்டில் யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

கடைக்கார அண்ணை எழுந்தார். திருவிழாவில் உபயம் அறிவிக்கிற அதே குரலில், ஜெர்மன் மொழியில், தன் தொகையைச் சொன்னார். அவர் உட்கார, பக்கத்தில் இருந்தவர் எழுந்து அதே தொகையைச் சொன்னார். மூன்றாமவர் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் குறைத்துச் சொல்ல முடியாமல் போயிற்று. கோயில் மண்டபத்தில் இது இயல்பான காரியம், அப்படித்தான் கோபுரம் எழுந்தது. இங்கே ஜெர்மன் பெற்றோர் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இயக்குநர் வேண்டாம், வேண்டாம் என்றார். ஒருவரையும் உட்காரச் சொல்லவில்லை. என் கணவரும் எழுந்தார். அவர் சொன்ன தொகை எங்கள் வீட்டு மின்சாரக் கட்டணத்தை விட அதிகம்.

கேள்விகள் உண்டா என்று கேட்டார்கள். நான் கை தூக்கினேன்.

"ஆசிரியர்களின் சம்பளம் எங்கிருந்து வருகிறது?"

"பெரும்பகுதி மாநில அரசிடமிருந்து."

"கட்டடத்துக்கு?"

"அதற்கும் ஒரு பங்கு கிடைக்கும். மீதியை நாங்கள்தான் தேட வேண்டும். அதற்குத்தான் இந்த ஆதரவு." மறைக்காமல் சொன்னார். பிறகு தானாகவே தொடர்ந்தார். "என்னைக் கேட்டால், இன்னும் நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு ஒரு குட்ஷைன் கொடுக்கட்டும். பெற்றோர் விரும்பிய பாடசாலையில் அதைக் கொடுக்கட்டும். நல்ல பாடசாலை வளரும். மற்றது மூடப்படும்."

குட்ஷைன் என்ற சொல் இங்கே எல்லோருக்கும் தெரியும். சுப்பர்மார்க்கெட்டில் விலைக் கழிவுக்குக் கொடுக்கிற துண்டு. எனக்கு ஞாபகம் வந்தது ஊரில் பாடசாலைச் சீருடைக்குக் கொடுத்த வவுச்சர். என் அக்கா ஒருமுறை தொலைபேசியில் சொன்னாள், அவள் வழக்கமாகப் போகும் துணிக்கடையில் காசுக்கு ஒரு விலை, வவுச்சருக்கு ஒரு விலை என்று. கடைக்காரரைக் கேட்டாளாம். வவுச்சர் உன்னுடைய காசு இல்லைத்தானே, பிறகு ஏன் கவலைப்படுகிறாய் என்றாராம்.

"மூடப்படும் வருடத்தில் அந்தப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகள் என்ன செய்வது?" என்று கேட்டேன்.

"அவர்கள் கையிலும் குட்ஷைன் இருக்குமே" என்றார். அடுத்த கேள்விக்குப் போனார்.

காரில் ஏறியதும் கணவர் தொடங்கினார்.

"நீர் ஏன் அப்பிடிக் கேட்டனீர்? பேப்பர்க்காரி மாதிரி."

"பேப்பர்க்காரிதானே."

"அது அப்ப. இப்ப நீர் ஒரு பிள்ளையின்ர தாய்."

"ஒரு பிள்ளை இல்லையப்பா, ரெண்டு. மூத்தவள் எங்க போறாள்? அவளுக்கு அங்க இடமில்லை, முதலாம் வகுப்பு மட்டும்தான் திறந்திருக்கினம். சின்னவனுக்குக் கலர்க் கதவு, அவளுக்குத் தாழ்ப்பாள் இல்லாத கதவு. நல்லாத்தான் இருக்கு."

"நான் என்ன, கதவுக்கோ காசு குடுக்கிறன்? அவன்ர எதிர்காலத்துக்குக் குடுக்கிறன்."

"எதிர்காலத்துக்கு அரசாங்கம் குடுக்குதாம். இப்பதானே அந்த மனிசன் சொன்னவர். நீங்கள் குடுக்கிறது கதவுக்குத்தான்."

வீடு வந்து சேர்ந்தோம். அவர் காரை இரண்டு தரிப்பிடங்களையும் அடைத்துக் கோட்டின் மேலேயே நிறுத்தினார்.

சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடப்பது எங்கள் அரசுப் பாடசாலைக் கட்டடத்தில்தான். வாடகை இல்லாமல் நான்கு அறை தந்திருக்கிறார்கள். வாசல் சாவியும் வகுப்பின் பொறுப்பாளரிடம் உண்டு. பிள்ளைகள் உள்ளே ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருக்கும்போது தகப்பன்மார் நடைபாதையில் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு நிற்பார்கள். அந்தச் சனிக்கிழமை நான் அவர்களிடம் போனேன்.

"ஒண்டு கேக்கிறன். ஊரில எங்கட பள்ளிக்கூடக் கக்கூஸ் இப்பிடி உடைஞ்சு கிடந்தா நீங்கள் என்ன செய்வியள்?"

"இதென்ன கேள்வி. சிரமதானம்தான்" என்றார் ஒருவர்.

ஊரில் கிணறு இறைக்க, வாய்க்கால் வெட்ட, பாடசாலைக்கு வெள்ளை அடிக்க எல்லோரும் கூலியில்லாமல் இறங்குவார்கள். அதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

"அப்ப வாங்கோ, ஒருக்கா பாப்பம்."

வந்தார்கள். அவர்களில் ஒருவர் இங்கே டைல்ஸ் பதிக்கும் தொழிலை முறையாகப் படித்து அதையே செய்பவர். சுவரில் விரலால் தட்டிக்கொண்டு போனார். "உள்ளுக்கு எல்லாம் பொருமி நிக்குது. கழட்டிப்போட்டுப் பதிக்கவேணும். இலையுதிர்கால லீவுக்குள்ள முடிக்கலாம்."

"விட மாட்டாங்கள்" என்றார் கடைக்கார அண்ணை.

"கேட்டாத்தானே அண்ணை விடாம இருக்க" என்றார் டைல்ஸ்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. இப்போது யோசித்தால், அந்தக் கூட்டத்தில் ஜெர்மனியைச் சரியாகப் புரிந்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

விடுமுறையின் முதல் வாரம் தொடங்கினோம். பெயின்ட் அடிப்பவர் ஒருவர், குழாய் வேலைக் கொம்பனியில் இருப்பவர் ஒருவர், கை உதவிக்கு ஐந்தாறு பேர். என் கணவரும் வந்தார். என்மீது கோபம் ஆறாமலே சீமெந்து மூட்டை சுமந்தார். நாங்கள் பெண்கள் புட்டும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு போனோம். பழைய டைல்ஸ் கழன்று விழுந்தபோது அதன் பின்னால் ஒரு குழாய் கறுத்து, நெடுக வெடித்து, சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. குழாய் வேலைக்காரர் அதை அறுத்து மாற்றினார். நான் எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்தேன். இரண்டாம் நாள் பாடசாலைக் காவலர் வந்து வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நான் விடுமுறையில் இருக்கிறேன். இங்கே வரவே இல்லை" என்றார். அரை மணி நேரத்தில் தூசி உறிஞ்சும் பெரிய இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்.

வேலை அழகாக முடிந்தது. வெள்ளைச் சுவர், இடுப்பு உயரத்தில் ஒரு நீல வரி, ஐந்து கதவுகள், ஐந்து தாழ்ப்பாள்கள்.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். கழிப்பறை வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "இது இந்த நகரத்திலேயே நல்ல பாடசாலைக் கழிப்பறை. நான் இதை நகராட்சிக்கு அறிவித்தே ஆக வேண்டும்" என்றார். அறிவித்தார். பின்னேரமே நகராட்சி ஆட்கள் வந்து சிவப்பு வெள்ளைப் பட்டி கட்டி மூடிவிட்டுப் போனார்கள். என்ன பசை, என்ன குழாய், யார் செய்தது என்று தெரியாத வேலை. பிள்ளைகளை உள்ளே விட முடியாதாம்.

தகப்பன்மாருக்கு அது முகத்தில் அடித்தது போல இருந்தது. டைல்ஸ்காரர் கடையில் வந்து நின்று, "அவங்கள் ஆள் வச்சுச் செய்தாலும் இப்பிடி வராது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் கடைக்கார அண்ணை. "அது அரசாங்கத்தின்ர. எங்கட இல்லை."

"எங்கட இல்லையெண்டா ஆரின்ர அண்ணை?" என்றேன். "அரசாங்கத்தின்ர பிள்ளையளே அங்க படிக்கினம்?"

நகராட்சியின் கட்டடப் பிரிவுக்கு என்னை அழைத்தார்கள். அதிகாரி இளையவர், மரியாதையானவர், களைத்துப்போனவர். யார் வேலை செய்தது என்று கேட்டார்.

"பெற்றோர்."

"எந்தப் பெற்றோர்?"

"எங்கள் பாடசாலைப் பெற்றோர்."

"பெயர்கள் வேண்டும்."

இதை விடக் கடுமையான ஆட்கள், இதை விடக் கடுமையான இடத்தில், என்னிடம் பெயர்கள் கேட்டிருக்கிறார்கள். அப்போதும் கொடுத்ததில்லை. "தர மாட்டேன்" என்றேன்.

"ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?"

"இவ்வளவு காலமும் அடக்கிக்கொண்டு இருந்த பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?"

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று பெற்றோர் சார்பில் எழுதித் தரச் சொன்னார். அதையும் மறுத்தேன். பிறகு படங்களை மேசையில் வைத்தேன். சுவருக்குள் வெடித்த குழாயின் படத்தை அவர் கையில் எடுத்தார்.

"இது எப்போதிருந்து இப்படி?"

"அது உங்களுக்குத்தான் தெரிய வேண்டும். கட்டடம் உங்களுடையது என்கிறீர்கள்."

கழிப்பறை இல்லாமல் பாடசாலை நடத்தக்கூடாது என்பதும் இந்த நாட்டில் ஒரு விதி. அதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. கடைசியில் எங்களுக்காகப் பேசியது அந்த விதிதான். பட்டி கட்டியதற்கு மறுநாளே ஒரு லொறி வந்து முற்றத்தில் கழிப்பறைக் கொண்டெய்னர் ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. சூடேற்றி, சுடுதண்ணீர், பளபளக்கும் உருக்குத் தொட்டி. பிள்ளைகள் அதைப் பார்க்கவே வரிசையில் நின்றார்கள். வெடித்த குழாயை வெளியே கொண்டுவந்துவிட்டதால் கழிப்பறை பட்டியலிலிருந்து அவசர வேலைக்கு மாறியது. எங்கள் டைல்ஸை உடைத்து எடுத்துவிட்டு நகராட்சி எல்லாவற்றையும் புதிதாகச் செய்யும் என்று எழுத்தில் வந்தது. டைல்ஸ்காரரிடம் அதை வாசித்துக் காட்டினேன். "உடைக்கட்டும். உடைக்க அவங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார்.

பதிவு வாரம் வந்தது. எங்கள் வீடு நீங்கலாக மற்ற எட்டு வீட்டுக்கும் போனேன். நான் கெஞ்சவில்லை. பணம் எப்படிப் போகிறது என்பதை மட்டும் சொன்னேன்: உங்கள் பிள்ளையை ஓரிடத்திலிருந்து எடுத்தால் அங்கே ஓர் ஆசிரியை குறைவார், கொதிகலன் குறையாது, நீங்கள் மாதா மாதம் கொடுக்கப்போவது, அரசு ஏற்கனவே கொடுத்ததற்கு மேல். ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்து, யோசிக்கிறம் அக்கா என்றார்கள். இன்னொரு வீட்டில், "காசில்லாமல்தான் அங்க விடுறியள் எண்டு சனம் கதைக்கும்" என்றாள் ஒரு தாய். "கதைக்கட்டும். காசிருந்தும் அங்கதான் விடுவன்" என்றேன்.

என் வீட்டில்தான் பெரிய சிக்கல். கணவர் சபையில் எழுந்து சொல்லிவிட்டார். சொன்ன உபயத்தை இல்லை என்பது எங்கள் ஆட்களிடம் பெரிய மானக்கேடு. இரண்டு நாள் பதிவுத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து, "முடிச்சிட்டன்" என்றார்.

"என்னத்தை?"

"அந்த இயக்குநரிட்டப் போனன். சொன்ன காசை ஒரு மாசத்துக்குக் குடுத்தன். பிள்ளையை விடேல்லை எண்டு சொன்னன்."

"அவர் என்ன சொன்னவர்?"

"விளங்கேல்லை எண்டார். பிள்ளை வராட்டி ஏன் காசு எண்டு கேட்டார். நான் சொன்னது சொன்னதுதான் எண்டிட்டு வந்திட்டன்."

"தாள்?"

"அதை எங்கட பள்ளிக்கூடத்தில குடுத்திட்டன். காவலர் கண்டிட்டுக் கை தந்தவர்."

ஒன்பதில் ஐந்து வந்தது. கடைக்கார அண்ணையின் மகளும் இன்னும் மூன்று பிள்ளைகளும் வங்கிக் கட்டடத்துக்குப் போனார்கள். ஐந்து போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியை குளிர்காலம் வந்த பிறகுதான் கூப்பிட்டார். வேறு இரண்டு துருக்கிக் குடும்பங்களும் கொண்டெய்னரைப் பார்த்துவிட்டு இங்கே கொடுத்திருந்தார்களாம். "முதலாம் வகுப்பு இரண்டு" என்றார். அந்த இளம் ஆசிரியை இருக்கிறார். என் மகன் அவரிடம்தான் படிக்கிறான்.

போன கிழமை கடைக்குப் போனேன். தேர்தலில் நிற்கும் ஒருவர் குட்ஷைன் திட்டம் கொண்டுவருவதாகப் பேசியிருக்கிறார் என்று அண்ணை சொன்னார். வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"அது வந்தா எல்லாரும் எங்கட பக்கம்தான், பிள்ளை. உங்களுக்கு ஒரு வகுப்பும் மிஞ்சாது."

"வரட்டும் அண்ணை. வந்தாலும் தாள் வீட்டுக்குத்தானே வரும். உங்கட சின்னவளுக்கும் வாற வருசம் வரும். நான் கேட்டு வருவன்."

"என்னட்டையோ?"

"உங்களிட்டைத்தான் முதல்."

அவர் தராசைப் பார்த்தார். இரண்டு வெண்டிக்காயை எடுத்து மேலே போட்டார்.

"வாருமன். தேத்தண்ணி தருவன். தாள் தர மாட்டன்."

"தேத்தண்ணி வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.